படமே இல்லாத ஒரு படம்

நேற்றிரவு விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஜெர்மன் சினிமா இயக்குநர் வால்டர் ருட்மனின் 'வீக்கெண்ட்' கேட்டேன். 1930இல் பெர்லினில் வானொலிக்காக உருவானது. பதினொரு நிமிடம், கொஞ்சம் கூட இருக்கும். சினிமா ஃபிலிமில்தான் பதிவு செய்தார்கள், ஆனால் அதில் காட்சி ஒன்றுகூடக் கிடையாது. ஒலி மட்டும்தான்.

தட்டச்சு இயந்திரம், கல்லாப்பெட்டி மணி, மரம் அறுக்கும் ரம்பம், டெலிபோன் குரல்கள். எதுவும் ஓரிரு நொடிக்கு மேல் நிற்பதில்லை. அதற்கு நடுவே ஒரு பிள்ளை ஜெர்மன் கவிஞர் கதே எழுதிய பாட்டைத் தட்டுத்தடுமாறி ஒப்பிக்கிறது. அந்தத் திணறலில் எனக்கு அதன் முகமே தெரிந்துவிட்டது. அப்புறம் வேலை முடிந்து ஊருக்கு வெளியே கிளம்புகிறார்கள். ரயில், சேவல், தேவாலய மணி. திங்கட்கிழமை மறுபடி அதே இரைச்சல்.

அன்றைய வானொலி பெரும்பாலும் நேரடி ஒலிபரப்பு. பதிந்தாலும் இசைத்தட்டில்தான் பதிய வேண்டும். தட்டை வெட்டி ஒட்ட முடியாது. வெட்டி ஒட்டக்கூடிய காந்த நாடா, அதாவது டேப், அங்கே மக்கள் பார்வைக்கு வந்ததே 1935இல்தான். ருட்மனோ சினிமாக்காரர். பேசும்பட ஃபிலிமில் ஒலி ஒளியின் தடமாகப் பதியும் அல்லவா? அதைக் கத்தரிக்கோலால் நறுக்கி, வேண்டிய வரிசையில் ஒட்டினார். பாரிஸில் வானொலிப் பொறியாளர் பியர் ஷேஃபர் இரைச்சல்களை வைத்து இசை செய்தது 1948இல். இது அதற்குப் பதினெட்டு வருடம் முந்தியது!

மீடியா ஆர்ட், அதாவது டிவி, வானொலி போன்ற கருவிகளை வைத்துச் செய்யும் கலை என்றாலே 1963, கொரியக் கலைஞர் நாம் ஜூன் பைக், அவருடைய டிவி பெட்டிகள் என்று ஆரம்பிப்பது எனக்குச் சம்மதமில்லை. பைக்கின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் ஒரு கருவியை அது எதற்காக வந்ததோ அதற்கில்லாமல் வேறொன்றுக்குத் திருப்பும் துணிச்சல்தான் இந்தக் கலையின் உயிர் என்றால், அது இந்தக் கத்தரிக்கோலிலேயே இருக்கிறது.

இதை ருட்மனிடம் கேட்டு வாங்கியவர் பெர்லின் வானொலியின் தலைவர் ஹான்ஸ் ஃப்ளெஷ். 1924இலேயே ஃபிராங்க்ஃபர்ட்டில், ஒலிபரப்பு குழம்பிப்போவதையே கதையாக வைத்து ஒரு வானொலி நாடகம் எழுதியவர். 1930 ஜூன் 13 அன்று 'வீக்கெண்ட்' ஒலிபரப்பானது. மூன்றே வருடத்தில் நாஜிகள் ஃப்ளெஷைப் பிடித்து ஒரானியன்பர்க் வதைமுகாமில் அடைத்தார்கள். ருட்மன் அதே ஆட்சிக்குப் பிரச்சாரப் படங்கள் எடுத்துக் கொடுத்தார். இந்த இடத்தில் எனக்கு மனசு ஆறவே இல்லை.

இணையத்தில் கிடைக்கிறது, கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம். அந்தப் பிள்ளையின் குரல் வந்த வேகத்தில் போய்விடும்.