பச்சை உடம்பும் பந்தயத் தேதியும்

பிள்ளை பெற்றவளைப் 'பச்சை உடம்புக்காரி' என்று சொல்வது நம் பக்கத்து வழக்கம். ஓடிப் பழகிய பெண்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வரும். வெளிக்காற்று படாதே, படி ஏறாதே, தண்ணியக் குறைச்சுக் குடி என்ற பட்டியலோடு சேர்ந்தே வருகிற சொல் அது. பட்டியலில் பாதி தப்பு. பால் கொடுப்பவளைத் தண்ணீர் குடிக்காதே என்பது சுத்தத் தப்பு. ஆனால் சொல் சரியான சொல். வெளியே ஆறினாலும் உள்ளே ஆறாத உடம்பு அது.

இப்போது எதிர்ப்பக்கத்தில் ஒரு தப்பு நடக்கிறது. சென்னையின் ஜனவரி மாரத்தானுக்குப் பதிவு திறந்த அன்றே, ஏழு மாத வயிற்றோடு இருக்கும் பெண் விரல் விட்டு எண்ணுகிறார்: "அப்ப பிள்ளைக்கு மூணு மாசம் ஆயிருக்கும், பத்து கிலோமீட்டர்தானே, ஓடிரலாம்." என் கட்சி ஒன்றுதான். பிள்ளை பிறந்த தேதியிலிருந்து பந்தயத்தை எண்ணாதீர்கள். உடம்பு சில சோதனைகளைத் தாண்டிய நாள் என்று ஒன்று வரும், அதிலிருந்து எண்ணுங்கள்.

எல்லாரும் பிரிட்டன் மாரத்தான் வீராங்கனை பவுலா ராட்கிளிஃப்பை உதாரணம் காட்டுவார்கள். 2007 ஜனவரியில் மகள் பிறந்தாள், அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் மாரத்தானில் முதலிடம். உண்மைதான். நடுவில் முதுகின் அடிப்பகுதி எலும்பில் கீறல் விழுந்து அவர் ஓட்டத்தை நிறுத்த வேண்டி வந்ததை மட்டும் யாரும் பகிர்வதில்லை. உலகச் சாதனைக்காரிக்கே அந்தக் கதி.

பிரிட்டன் பிசியோதெரபிஸ்டுகள் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 12 வாரத்துக்கு முன் ஓட வேண்டாம் என்கிறது. அதைப் பலர் '12 வாரம் ஆனால் ஓடலாம்' என்று படிக்கிறார்கள். அது கீழ்வரம்பு, அனுமதிச்சீட்டு இல்லை. ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தரையிலிருந்து திரும்பி வருகிறது. அதைத் தாங்க வேண்டியது இடுப்புக்கு அடியில் தொட்டில் மாதிரி கட்டியிருக்கும் தசைகள். சுகப்பிரசவத்தில் அவை பல மடங்கு நீண்டு கொடுத்தவை, திரும்பிச் சேர நாலு முதல் ஆறு மாதம்கூட ஆகும். சிசேரியன் என்றால் தோல் சீக்கிரம் மூடிவிடும். அடியில் உள்ள வெள்ளைச் சவ்வு ஆறு வாரத்தில் பழைய பலத்தில் பாதியை ஒட்டித்தான் வந்திருக்கும், ஆறேழு மாதத்தில்தான் முக்கால் பங்கைத் தாண்டும். "ஆபரேஷன்தானே, அடியில ஒண்ணும் ஆகலையே" என்பதும் சரியில்லை. ஒன்பது மாதம் சுமந்ததே அந்தத் தொட்டில்தான்.

சோதனைகளை வீட்டுத் திண்ணையிலேயே செய்து பார்க்கலாம். அரை மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். ஒற்றைக்காலில் பத்து விநாடி நிற்க வேண்டும். ஒற்றைக்காலில் பத்து தடவை மடங்கி எழ வேண்டும். நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓட வேண்டும். முன்னால் பத்து தாவல், பிறகு ஒவ்வொரு காலிலும் பத்து நொண்டிக் குதிப்பு. இதில் எதிலும் வலி, சொட்டு மூத்திரம், கீழே கனம் இருக்கக் கூடாது. அடுத்தது பலம். படி விளிம்பில் ஒற்றைக்காலில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குவது 20. பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, ஒற்றைக்காலால் எழுந்து உட்காருவது 20.

பெரும்பாலானவர்கள் மாட்டுவது அந்த நாற்காலியில்தான். எட்டாவது தடவையில் முட்டி உள்பக்கமாகச் சாயும், எதிர்ப்பக்க இடுப்பு தொங்கும். 'மூச்சு போச்சு, ஸ்டாமினா போச்சு' என்று நினைப்பார்கள். போனது பிட்டத் தசை. அதைச் சரிசெய்யாமல் ஓடினால் மூன்றாம் வாரம் முட்டி வலி, ஐந்தாம் வாரம் இடுப்பு மூட்டு வலி என்று வரிசையாக வரும்.

தும்மினால் இரண்டு சொட்டு போவதை "பிள்ள பெத்தா அப்படித்தான்" என்று நம் அத்தைமார் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நிறையப் பேருக்கு இருக்கிறது, சரி. பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை, பயிற்சியில் சரியாகக் கூடியது. காற்றுப் பிரிவதை அடக்குவது போல அடித்தசையை மேலே இழுத்து, எட்டு முதல் பத்து விநாடி பிடித்து, முழுதாக விடுங்கள். பத்து தடவை. பிறகு வேகமாக இழுத்து விடுவது பத்து. ஒரு நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். பால் கொடுக்க உட்காரும் நேரத்தோடு சேர்த்துக்கொண்டால் மறக்காது. மூச்சைப் பிடித்துக்கொண்டு வயிற்றை இறுக்குவதுதான் பொதுவாகச் செய்யும் தப்பு. அது தொட்டிலை மேலே தூக்காது, கீழே தள்ளும். இன்னொன்று, இழுத்த தசையை முழுதாகத் தளர்த்தாமல் இருப்பது. மூத்திரம் போகும்போது நிறுத்திப் பழகவும் வேண்டாம். கீழே பந்து மாதிரி ஏதோ இறங்குவது போல் இருந்தால் அது கர்ப்பப்பை இறக்கமாக இருக்கலாம். ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தாலோ, நெஞ்சு அடைத்தாலோ நாள் பார்க்காமல் ஆஸ்பத்திரி.

சோதனை தாண்டியாயிற்று. முதல் இரண்டு வாரம்: ஐந்து நிமிடம் நடை, பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி எட்டு சுற்று. வாரத்துக்கு மூன்று நாள், அடுத்தடுத்த நாளில் வேண்டாம். அடுத்த இரண்டு வாரம் இரண்டுக்கு இரண்டு, ஆறு சுற்று. அதன்பின் ஓட்டத்தை ஒவ்வொரு நிமிடமாக நீட்டுங்கள். முப்பது நிமிடம் நிற்காமல் ஓடும்வரை வேகத்தைத் தொடாதீர்கள். ஓடிக்கொண்டே முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், அதுதான் வேகமானி. ஓட்டம் நன்றாக இருந்ததா என்று அன்றைக்கு முடிவு செய்யாதீர்கள், மறுநாள் காலை செய்யுங்கள். நின்ற உதிரப்போக்கு திரும்ப எட்டிப் பார்த்தாலோ, அடிவயிறு கனத்தாலோ, ஒரு படி பின்னால் போங்கள்.

எங்கே ஓடுவது? கடற்கரையை வைத்துக்கொண்டு தார் ரோட்டில் ஏன் ஓட வேண்டும் என்பார்கள். உலர் மணலில் அதிர்ச்சி குறைவுதான், ஆனால் குதிகால் புதைந்து புதைந்து கெண்டைக்காலும் இடுப்பும் முறுகும். ஈர மணல் கெட்டிதான், கடலைப் பார்த்துச் சரிந்திருக்கும். போகும்போது ஒரு கால் உயரத்தில், திரும்பும்போது மறு கால் உயரத்தில். தளர்ந்த இடுப்பு மூட்டுக்கு அது ஆகாது. ஓடத் தொடங்கிய முதல் மூன்று மாதம் மணலில் நடங்கள், சமதளத்தில் ஓடுங்கள். ராமநாதபுரத்துக்காரர்களுக்கு சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கம் இருக்கிறது. மற்ற ஊர்களில் பள்ளி மைதானம், இல்லாவிட்டால் வண்டி வராத உள்தெரு. ஒத்தையடிப் பாதையில் சீமைக்கருவேல முள் ஷூவின் அடியைத் துளைத்துவிடும். ஷூ என்றதும் ஒன்று: பிரசவத்துக்குப் பின் பாதம் நீண்டிருக்கலாம். பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு, பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் இடம் விட்டு வாங்குங்கள்.

பாம்பன் ரோட்டுப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். படம் எடுக்க அழகு. ஏற்றத்தை விட இறக்கம்தான் அடித்தசையை உலுக்கும். பாலத்தைக் கடைசிக் கட்டத்துக்கு வையுங்கள். ஆனி, ஆடிக் கச்சான் காற்றில் அங்கே போகவே வேண்டாம். அந்த மாதங்களில் திறந்த வெளியில் கிலோமீட்டர் கணக்கு பார்ப்பதே வீண். எதிர்க்காற்றில் அதே உழைப்புக்கு வேகம் விழும். நிமிடத்தை மட்டும் பாருங்கள்.

ரத்தத்தைச் சோதிக்காமல் பந்தயத்துக்குப் பணம் கட்டாதீர்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் மெல்ல ஓடினாலே இரைக்கும். அதைப் பயிற்சிக் குறை என்று நினைத்து இன்னும் ஓடுவார்கள், இன்னும் சோர்வார்கள். பிரசவத்துக்குப் பின் 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை அரசே தருகிறது. அதை அலமாரியில் வைத்துவிட்டுக் கருப்பட்டியை நம்புவது நம் ஊர் வியாதி. மாத்திரையோடு டீ குடிக்காதீர்கள், நெல்லிக்காயோ எலுமிச்சையோ நல்லது. பால் கொடுப்பவளுக்கு ஒரு நாளைக்கு 500, 600 கலோரி கூடுதலாக வேண்டும், ஓட்டத்துக்கு ஆவது தனி. சுறாப்புட்டு, முள்ளோடு தின்கிற நெத்திலி, கேப்பைக்கூழ், முருங்கைக்கீரை என்று நம் அடுப்படியில் எல்லாம் இருக்கிறது. எடை குறைக்கவும் நேரத்தைக் குறைக்கவும் ஒரே பயிற்சியில் ஆசைப்படாதீர்கள். பால் கொடுக்கும் காலத்தில் எலும்பின் அடர்த்தி கொஞ்சம் குறைந்து, பால் மறந்த பிறகுதான் திரும்பும். எலும்புக் கீறல் விழுவது இந்த இடைவெளியில் பட்டினி கிடப்பவர்களுக்குத்தான்.

பந்தய தூரத்தைத் தீர்மானிப்பது கால்களை விட மார்புதான் என்பேன். கணக்குப் பாருங்கள். ஐந்தரைக்கு ஓட்டம் தொடங்கும் என்றால் ஐந்து மணிக்குள் உள்ளே நிற்க வேண்டும், நாலரைக்குப் பால் கொடுத்திருக்க வேண்டும். 10 கிலோமீட்டரை நடையும் ஓட்டமுமாக ஒன்றரை மணியில் முடித்து, கூட்டத்தைத் தாண்டிப் பிள்ளையிடம் வரும்போது ஏழரை. மூன்று மணி நேரம், சமாளிக்கலாம். 21 கிலோமீட்டர் என்றால் ஒன்பதரை ஆகிவிடும். மார்பு கல்லாகும், பால் கட்டும், காய்ச்சல் வரும். இறுக்கமான ஸ்போர்ட்ஸ் பிரா போட்டிருந்தால் இன்னும் சீக்கிரம். ஆகவே முதல் ஆறு மாதம், தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளை இருக்கும்வரை, 10 கிலோமீட்டர்தான் உச்சவரம்பு. பீய்ச்சி வைக்கிற பால் 25 டிகிரியில் நாலு மணி நேரம் தாங்கும், நம் வெயிலில் அதை நம்பாதீர்கள். மீனுக்கு ஐஸ் போடத் தெரிந்த ஊர், பாலுக்கும் போடுங்கள்.

இப்போது நாட்காட்டி. பிள்ளை ஜனவரி 15 பிறந்தது என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 9-இல் 12 வாரம். சோதனை தாண்டினால் அன்றைக்குத் தொடக்கம், சித்திரை வெயில், ஐந்து மணிக்கே கிளம்ப வேண்டும். இரண்டு வாரம் கழித்து 14-வாரத் தடுப்பூசி. பிள்ளைக்கு இரவு காய்ச்சல் அடிக்கும், மறுநாள் ஓட்டம் இல்லை. 12 வாரத்தில் 5 கிலோமீட்டர் என்றால் ஜூலை தொடக்கம், கச்சான் அடிக்கிற நேரம். இன்னும் 12 வாரத்தில் 10 கிலோமீட்டர், செப்டம்பர் கடைசி. 14 வாரம் சேர்த்தால் ஜனவரியில் 21 கிலோமீட்டர் பாதி மாரத்தான். பேப்பரில் பிரமாதமாக இருக்கிறது. பல் முளைப்பு, வீட்டுக் கல்யாணம், சளி, ஐப்பசி அடைமழை எல்லாவற்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு கூட்டுங்கள். 10 கிலோமீட்டர் நவம்பர் பிற்பாதிக்குத் தள்ளிப்போகும். ஆகவே அந்த ஜனவரிக்குக் கட்ட வேண்டிய பணம் 10 கிலோமீட்டருக்குத்தான். பாதி மாரத்தான் அடுத்த ஜனவரிக்கு.

இலக்கைப் பழைய நேரத்தில் வைக்காதீர்கள். முன்பு 10 கிலோமீட்டரை 60 நிமிடத்தில் ஓடியவர் 70, 75 என்று எழுதிக்கொண்டாலும் மனம் 60-ஐத்தான் பார்க்கும். ஒரு சொட்டு போகாமல் முடிப்பது, கடைசி 2 கிலோமீட்டரை முதல் 2-ஐ விட மெல்லப் போகாமல் ஓடுவது, மறுநாள் காலை பிள்ளையைத் தூக்கும்போது இடுப்பு பிடிக்காமல் இருப்பது: மூன்றும் கிடைத்தால் அந்தப் பந்தயம் ஜெயம்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு வெள்ளோட்டம் வேண்டுமென்றால் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து பழைய தனுஷ்கோடிக்கு 5 கிலோமீட்டர், போய் வந்தால் 10. கார்த்திகை, மார்கழியில் மழை விட்ட ஒரு நாள் விடியலில். ரோடு தென்கிழக்கே போவதால் வாடை ஒரு பக்கமாகவே அடிக்கும், மணல் ரோட்டுக்குக் குறுக்கே பறக்கும். ஷாலை இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள். வழியில் ஒரு மர நிழல் கிடையாது. பிள்ளையோடு வீட்டுக்காரர் சத்திரத்திலேயே ஆட்டோவில் இருக்கட்டும், பழைய சர்ச் பக்கம் வந்து காத்திருக்க வேண்டாம். அங்கே பிள்ளை அழுகிற சத்தம் கேட்டால் நீங்கள் ஐந்தாவது கிலோமீட்டரிலேயே உட்கார்ந்துவிடுவீர்கள்.