சுதேசமித்திரனைத் தொடங்கியவர் பாரதியார் அல்லர்

‘சுதேசமித்திரன் நாளிதழைத் தொடங்கியவர் மகாகவி பாரதியார்’ என்று வாட்ஸ்அப்பில் வலம்வரும் செய்தி தவறானது. அந்த இதழை 1882-இல் வார இதழாகத் தொடங்கியவர் ஜி. சுப்பிரமணிய ஐயர், பாரதியார் பிறந்ததே அதே ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள்தான்.

1878-இல் ‘தி இந்து’வைத் தொடங்கிய குழுவிலும் முன்னின்ற சுப்பிரமணிய ஐயர், ஆங்கிலம் அறியாத மக்களிடம் அரசியலைத் தமிழிலேயே கொண்டுசெல்ல வேண்டும் என்று உறுதியாக நம்பியதால், பின்னர் ‘தி இந்து’விலிருந்து விலகி, 1899-இல் சுதேசமித்திரனை நாளிதழாக்கினார். இளம் வயதில் விதவையான தம் மகளுக்கு 1889-இல் மறுமணம் செய்துவைத்தவரும், 1908-இல் இராஜத்துரோக வழக்கில் கைதானவரும் அவரே. இத்தகைய ஒருவரின் பெயரை மறைத்துத்தான் பாரதியைப் போற்ற வேண்டுமா?

மதுரை சேதுபதி பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்த பாரதியார், 1904-இல் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். செய்திகளை ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்ப்பது அங்கே அவருடைய முக்கியப் பணியாக இருந்தது. தமிழ் உரைநடையில் அவருக்கு அமைந்த வேகத்துக்கு இந்த அன்றாடப் பயிற்சியும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

குழப்பத்துக்கு வழிவகுத்தது ‘இந்தியா’ வார இதழாக இருக்கலாம். சிவப்புத் தாளில், கேலிச்சித்திரங்களுடன் 1906 முதல் வெளிவந்த அவ்விதழை உள்ளபடி நடத்தியவர் பாரதியார். ஆனால் சட்டப்படி ஆசிரியராகப் பதிவாகியிருந்தவர் சீனிவாசன் என்பவர். 1908-இல் சிறைத் தண்டனை பெற்றதும் அவரே. பாரதியார் புதுச்சேரிக்குச் சென்றார். சுதேசமித்திரனுக்கு அவர் மீண்டும் உதவி ஆசிரியராகத் திரும்பியது 1920-இல்.