ஏறாதவனுக்கும் ஒரு மாடி கட்டுங்க

2025 மார்ச்சில் தமிழக பட்ஜெட்டில் ராமேஸ்வரத்துக்கு விமான நிலையம் என்று அறிவித்தாலும் அறிவித்தார்கள், எங்கள் பக்கம் டீக்கடைகளில் அதே பேச்சுதான். எந்த இடத்தில் வரும், யார் நிலம் போகும், சென்ட் என்ன விலைக்கு ஏறும், மெட்ராசுக்கு டிக்கெட் எவ்வளவு இருக்கும்... எல்லாமே ஏறிப் போகிறவனைப் பற்றிய கவலை. எனக்கு ஏறாதவனைப் பற்றிக் கேட்கணும். கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவனுக்கு அங்கே என்ன ஏற்பாடு? நின்று விமானம் பார்க்க ஒரு மாடியாவது உண்டா?

சிரிக்கிறவங்க சிரிச்சுக்கோங்க. உச்சிப்புளிப் பக்கம் பிறந்தவனுக்குத்தான் இந்தக் கேள்வியின் அருமை தெரியும்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வரி. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகிற வழியில் உச்சிப்புளியில் கடற்படையின் விமானத்தளம் இருக்கிறது. பெயர் ஐஎன்எஸ் பருந்து. இந்தப் பெயரோடு அதைத் தொடங்கி வைத்தது 2009 மார்ச்சில். அதற்கு முன்னால் அது சின்ன ஓடுபாதையும் சில கட்டடங்களும்தான். ஊரில் எல்லோருக்கும் அது வெறும் ‘நேவி’. “நேவிக்கு அங்கிட்டு ஆட்டைப் பத்திட்டுப் போகாதடா”, “நேவி ஸ்டாப்புல எறங்கிக்க” என்றுதான் பேச்சு ஓடும்.

பள்ளிக்கூடம் விட்டதும் பையைத் திண்ணையில் எறிந்துவிட்டு ஓடுவோம். ஆடு மேய்க்கப் போகிறோம் என்பது வீட்டுக்குச் சொல்வது. ஆடு அதுபாட்டுக்குச் சீமைக்கருவேல நெத்தைத் தின்றுகொண்டிருக்கும். நாங்கள் பனைமர நிழலில் உட்கார்ந்து மேற்கே பார்ப்பதும் கிழக்கே பார்ப்பதுமாக இருப்போம். கேமரா கிடையாது, பைனாகுலர் கிடையாது, வேலிப் பக்கம் போகவும் மாட்டோம். போனால் சென்ட்ரி இந்தியில் சத்தம் போடுவார். அந்த இந்தியில் எங்களுக்குப் புரிந்தது அவர் கை காட்டுகிற திசை மட்டும்தான்.

அப்போது அங்கே வந்துபோனவற்றில் எங்களுக்குச் செல்லம் ஐலேண்டர். பிரிட்டன்காரன் செய்த சின்ன விமானம். இறக்கை மேலே இருக்கும், ரெண்டு பக்கமும் ரெண்டு எஞ்சின், சக்கரம் உள்ளே போகவே போகாது. படத்தில் பார்க்கிற விமானமெல்லாம் சக்கரத்தை மடக்குகிறதே, இது மட்டும் ஏன் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டே போகிறது என்று எங்களுக்குள் பெரிய வழக்கு. “மடக்குற மோட்டாரு ரிப்பேரு” என்பது ஒரு கட்சி. “கடல்ல எறங்கினா நிக்கணும்ல, அதுக்குத்தான்” என்பது எதிர்க்கட்சி. மடக்காத சக்கரம் என்றால் எடையும் குறைவு, பழுதும் குறைவு, குட்டி ஓடுபாதைக்கு அது போதும் என்பதெல்லாம் காலேஜ் போன பிறகு தெரிந்தது. அதைச் சொல்லி ஜெயிக்கலாம் என்று பார்த்தால் ரெண்டு கட்சியும் அதற்குள் சவுதிக்குப் போய்விட்டது.

அடுத்தது சேட்டக் ஹெலிகாப்டர். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி என்பதால் ஓட்டுகிறவரின் முகம் தெரியும். தாழப் பறக்கும்போது நாங்கள் துண்டை வீசுவோம். ஒருதரம் ஒருத்தர் கையாட்டிவிட்டார். யாரைப் பார்த்து ஆட்டினார் என்ற தகராறு அந்த வருசம் முழுக்க ஓடியது.

மீன்பிடிக் கரையில் வளர்ந்ததில் ஒரு வசதி உண்டு. காற்று எங்களுக்கு அத்துப்படி. விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், எதிர்த்துத்தான் இறங்கும். அதனால் தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கிற மாசங்களில் ஒரு பக்கமிருந்து இறங்கினால், வாடை திரும்பியதும் நேர் எதிர்ப் பக்கமிருந்து வரும். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. காலையில் வீட்டுப் பெரியவர்கள் “இன்னிக்கு வாடை ஏறிருச்சு, வலை போட முடியாது” என்று அலுத்துக்கொள்வார்கள். சாயங்காலம் எந்தப் பனைமரத்தடியில் உட்காருவது என்பதை அதை வைத்தே முடிவு செய்துவிடுவோம். கடற்கரையில் செம்பருந்து இறங்குவதும் அப்படித்தான், காற்றுக்கு முகம் கொடுத்து. இப்போது ஃபோனில் விமானத்தின் பெயர், புறப்பட்ட ஊர், உயரம் எல்லாம் வந்துவிடுகிறது. என் மகள் அதை வைத்துக்கொண்டு எனக்கே பாடம் எடுக்கிறாள். எடுக்கட்டும். ஆனால் காற்று எந்தப் பக்கம் என்று கேட்டால் அதற்கும் ஃபோனைத்தான் பார்க்கிறாள்.

பெரியவர்களும் சளைத்தவர்கள் இல்லை. 1987 ஜூன் 3ஆம் தேதி ராமேஸ்வரத்திலிருந்து 19 படகுகளில் யாழ்ப்பாணத்துக்கு நிவாரணப் பொருள் போனது. இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பி அனுப்பியது. மறுநாளே ஐந்து ஆன்டனோவ்-32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்களின் காவலோடு பெங்களூரிலிருந்து பறந்துபோய் யாழ்ப்பாணத்தின் மேல் பொருள்களைப் போட்டுவிட்டு வந்தன. ‘பூமாலை’ என்று அந்த நடவடிக்கைக்குப் பெயர். எங்கள் ஊரில் நாற்பது வயதுக்கு மேலே யாரைக் கேட்டாலும் அந்த அஞ்சு விமானத்தையும் தன் தலைக்கு மேலே பார்த்ததாகச் சத்தியம் செய்வார்கள். என் சித்தப்பா எண்ணியே பார்த்தாராம். நான் பின்னாளில் மேப்பை விரித்துக் கோடு போட்டேன். பெங்களூருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நேர்கோடு போட்டால் அது கரையைத் தாண்டுவது முத்துப்பேட்டை, கோடியக்கரைப் பக்கம். நம்ம பக்கமே வராது. சித்தப்பாவிடம் இதைச் சொல்லவில்லை, இனியும் சொல்வதாக இல்லை. இந்தப் பதிவை யாரும் அவருக்கு ஃபார்வேர்டு செய்ய வேண்டாம்.

1990இல் இலங்கையில் சண்டை மறுபடி மூண்டபோது தனுஷ்கோடிக் கரையில் அகதிகள் படகு படகாக வந்து இறங்கினார்கள். மண்டபம் கேம்ப் நிறைந்து வழிந்தது. எங்கள் வகுப்பில் மன்னார்ப் பக்கத்துப் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான். எங்களை விட ஒரு வயது மூத்தவன், ஒல்லி, அதிகம் பேசமாட்டான். விமானம் பார்க்கலாம் வா என்று அவனையும் இழுத்துக்கொண்டு போனோம். ஏதோ பெரிய விருந்துக்குக் கூப்பிடுகிற நினைப்பு எங்களுக்கு.

சேட்டக் சத்தம் தூரத்தில் கேட்டது. எங்களுக்குக் கேட்பதற்கு முன்னால் அவனுக்குக் கேட்டுவிட்டது. “ஹெலி” என்றான். அடுத்த நொடி ஆளைக் காணோம். கருவேலம் புதருக்கு அடியில் குப்புறக் கிடந்தான், முள் முதுகில் கீறியிருந்தது. முதலில் நாங்கள் சிரித்தோம். அவன் எழுந்திருக்கவில்லை. ஹெலிகாப்டர் இறங்கி, சத்தம் அடங்கி, அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் எழுந்தான். அவனுக்கு வெட்கமாகப் போயிற்று. எங்களுக்கு என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

பிறகு பழகப் பழகச் சொன்னான். “அவ்ரோ எண்டா உயரத்தில வரும், மேல இருந்து குண்டை உருட்டி விடுவாங்கள். சத்தம் கேட்டுப் பங்கருக்க ஓட நேரமிருக்கும். ஹெலி அப்பிடியில்லை, சுத்திச் சுத்தி வந்து சுடுவான்.” பார்க்காமலே, சத்தத்தை வைத்தே எது எத்தனை தூரத்தில் வருகிறது என்று அவனால் சொல்ல முடிந்தது. நாங்கள் பெருமையாக விளையாடிக்கொண்டிருந்த விளையாட்டில் எங்களை எல்லாம் தூக்கிச் சாப்பிடுகிறவன் அவன்தான். ஆனால் அவன் அதை விளையாட்டாகக் கற்றவன் இல்லை. அவன் ஊரில் சின்னப் பிள்ளைகள் எல்லோருக்குமே இது தெரியுமாம்.

கொஞ்ச மாதம் கழித்து அவனாகவே எங்களோடு வர ஆரம்பித்தான். ஐலேண்டர் என்றால் நின்று பார்ப்பான், ஹெலிகாப்டர் என்றால் மட்டும் உட்கார்ந்துகொள்வான். பிறகு அந்தக் குடும்பத்தை வேறு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள். விமானத்தை அண்ணாந்து பார்ப்பதற்குக்கூட ஒரு கொடுப்பினை வேண்டும் என்று அவனைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதனால்தான் யாராவது ‘இதெல்லாம் ஒரு பொழுதுபோக்கா’ என்று கேட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது.

வெளிநாட்டில் இது பெரிய பொழுதுபோக்கு. வாலில் எழுதியிருக்கும் பதிவெண்ணை நோட்டில் குறித்துக்கொள்வதற்காக ஆயிரக்கணக்கான மைல் போகிறவர்கள் இருக்கிறார்கள். வம்பிலும் மாட்டுவார்கள். 2001இல் கிரீஸ் நாட்டுக் கலமாட்டா விமானத்தளத்தில் பிரிட்டன்காரர்கள் 12 பேரையும் நெதர்லாந்துக்காரர்கள் ரெண்டு பேரையும் உளவாளிகள் என்று பிடித்துப் போட்டார்கள். தண்டனையும் கொடுத்தார்கள். அடுத்த வருசம் மேல்முறையீட்டில்தான் விடுதலை. ராணுவத் தளத்தைப் பார்க்கிறவன் மேல் சந்தேகம் வருவது நியாயம்தான். நேவியில் வேலி உயர்ந்ததையும் நான் குறை சொல்லவில்லை. தனுஷ்கோடி முனையிலிருந்து இலங்கைக் கரை சுமார் 30 கிலோமீட்டர்தான் என்கிற பகுதியில் காவல் இல்லாமல் எப்படி? 2012இல் ஹெரான், சர்ச்சர் என்று ஆளில்லா விமானங்களின் அணியையே அங்கே நிறுத்தினார்கள். ஹெரானுக்கு இறக்கை 16 மீட்டருக்கு மேல் நீளம், உடம்பு மெலிசு, பின்பக்கம் சுழலும் விசிறி. டிவிஎஸ் ஃபிப்டி மேட்டில் ஏறுகிற மாதிரி முனகிக்கொண்டே போகும். திறமையான சாமான்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதில் கையாட்ட ஆள் இல்லை. சின்னப் பயல்கள் யாரும் அதற்குத் துண்டு வீசி நான் பார்த்ததில்லை.

ராணுவத் தளம் வேறு, பொதுமக்கள் காசில் வருகிற பயணிகள் விமான நிலையம் வேறு. அதனால்தான் இப்போதே கேட்கிறேன்.

எங்கள் கடற்கரையில் கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம் என்று எந்த ஊரை எடுத்தாலும் வீட்டுக்கு ஒருத்தராவது வளைகுடாவில் இருப்பார். வழியனுப்ப வேன் பிடித்து மொத்தக் குடும்பமும் போகும். தக்காளிச் சோறு கட்டிக்கொண்டு, குழந்தைகளோடு, ராத்திரி முழுக்கப் பயணம். போய்ச் சேர்ந்தால் கண்ணாடிக் கதவோடு சரி. என் அப்பத்தாவுக்கு ஒரே ஆசை, பேரன் ஏறின விமானம் மேலே கிளம்புவதைப் பார்க்கணும். வாசலில் நின்றால் கார் நிறுத்துமிடமும் விளம்பரத் தட்டியும்தான் தெரிந்தது. வேனைத் திருப்பி, சுற்றுச்சுவரை ஒட்டிய ரோட்டில் நிறுத்தி, அப்பத்தாவை சீட் மேல் ஏற்றி நிற்கவைத்தோம். சுவருக்கு மேலே ஒரு வால் நகர்ந்து போனது. “அதுதானாய்யா?” என்று கேட்டார். அதுதான் என்றோம். எதுவோ யாருக்குத் தெரியும்.

முன்னெல்லாம் நம் நாட்டிலேயே பல விமான நிலையங்களில் பார்வையாளர் மாடம் இருந்தது. சின்னதாக ஒரு டிக்கெட் எடுத்து மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். பாதுகாப்பு என்று சொல்லி ஒவ்வொன்றாக மூடினார்கள். டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் இன்றைக்கும் மொட்டைமாடியில் திறந்தவெளித் தளம் இருக்கிறது. கம்பி வலைக்குப் பின்னால் நின்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். உலகத்திலேயே பரபரப்பான நிலையங்களில் ஒன்றான அங்கே முடிகிறது என்றால், ஒரு நாளைக்கு நாலு ஏடிஆர் குட்டி விமானம் வந்தாலே பெரிது என்கிற நம்ம ஊரில் முடியாதா? கரீபியனில் சின்ட் மார்ட்டன் தீவு மாதிரி கடற்கரை மணலில் நிற்கிறவன் தலையை உரசிக்கொண்டு இறங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அங்கே 2017இல் ஜெட் காற்று தூக்கி அடித்து ஒரு பெண் செத்தே போனார். எனக்குப் பத்திரமான மாடி போதும்.

இடம் தேர்வு பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் கண்மாய்களுக்குப் பக்கத்தில் மட்டும் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள். ரெண்டும் இப்போது ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் இருக்கிற பறவை இடங்கள். பறவைக்கும் ஆகாது, எஞ்சினுக்கும் ஆகாது. பறவை பார்க்கச் சரணாலயத்தில் கோபுரம் கட்டித் தருகிற அரசாங்கத்துக்கு விமானம் பார்க்க ஒரு மாடி கட்டுவது புரியாத விஷயமா என்ன?

‘கலாம் பிறந்த மண், மாடி கட்டினால் இன்னொரு கலாம் வருவார்’ என்று எழுதச் சொல்லி ஒரு நண்பர் யோசனை சொன்னார். எழுத மாட்டேன். ராமேஸ்வரம் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ப் பறவை எப்படிப் பறக்கிறது என்று ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் காட்டியதும், விமானப்படைத் தேர்வில் 8 இடத்துக்கு 9ஆவதாக வந்து வாய்ப்பை விட்டதும், 74 வயதில் குடியரசுத் தலைவராகச் சுகோய்-30இல் பறந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. 2015 ஜூலை 29இல் அவர் உடல் மதுரையிலிருந்து ஹெலிகாப்டரில் மண்டபத்துக்கு வந்தபோது நானும் கூட்டத்தில் நின்றேன். என் பக்கத்தில் நின்ற பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, “ரெண்டு எஞ்சினு வண்டிதான?” என்று கேட்டார். ஆமா, ரெண்டு எஞ்சின், எம்ஐ-17 என்றேன். எங்கள் ஆட்கள் அப்படித்தான். மாடிக்கு வருகிற பிள்ளைகள் ஒருத்தர்கூட விஞ்ஞானி ஆகவில்லை என்றாலும் நஷ்டமில்லை, வந்து பார்த்துவிட்டுப் போகட்டும்.

அதிகாரிகள் யாராவது படித்தால், என் கோரிக்கை இவ்வளவுதான். மாடிக்குக் கூரை வேண்டும், சித்திரை வெயில் தெரியும்ல. கைப்பிடிச் சுவர் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிகிற உயரத்தில் வலையோடு இருக்கணும். படி ஏற முடியாத கிழவிகளுக்குச் சரிவுப் பாதை. குடிதண்ணீர், கக்கூஸ். டவுன் பஸ் வாசல் வரை வரணும். டிக்கெட் வைத்தே ஆகணும் என்றால் பத்து ரூபாய்க்கு மேல் போகக் கூடாது, வழியனுப்ப வந்தவர்களுக்கு அதுவும் வேண்டாம். டீக்கடை ஏலத்தை உள்ளூர் மகளிர் குழுவுக்குக் கொடுங்க, இல்லையென்றால் டீ எண்பது ரூபாய்க்கு விற்பார்கள்.