பால் சொசைட்டி வரை போகும் கார்

(கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துச் சாளை, அதாவது தோட்ட வீடு. ஞாயிற்றுக்கிழமை காலை. களத்தில் மஞ்சள் காய்கிறது. வாசலில் இரண்டு கார்கள் நிற்கின்றன. ஒன்று மாமனாரின் பெட்ரோல் கார். வாங்கி இரண்டு வருடமாகியும் சீட்டுகளின் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவில்லை. மற்றது மருமகனின் டீசல் கார். மாமனார் வீட்டுக்கு வந்த மருமகனுக்கு உரிய வேலை இலையின் முன் உட்காருவது ஒன்றுதான் என்றாலும், இவர் கேட்காமலேயே மாமனாரின் காருடைய பானட்டைத் திறந்துவிட்டார்.)

மாமனார்: ஏனுங்க மாப்பிள்ளை, இட்லி ஆறிக்கொண்டிருக்கிறது. ஒரு குறையும் இல்லாமல் ஓடும் காரை எதற்காகத் திறந்து வைத்திருக்கிறீர்கள்?

மருமகன்: மாமா, இதற்கு ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று அத்தையிடம் கேட்டேன். "அதை வேறு மாற்ற வேண்டுமா?" என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார்.

மாமனார்: மாற்றவில்லை, மாற்றும் வேளையும் வரவில்லை. மீட்டர் இன்னும் நான்காயிரத்தைத் தொடவில்லை. பத்தாயிரத்துக்கு ஒரு முறை என்று ஷோரூம் பையனே சொன்னான். என் ஓட்டத்துக்கு இன்னும் மூன்று வருடம் தாராளமாகத் தாங்கும்.

மருமகன்: இலவச சர்வீசுக்கு அழைத்திருப்பார்களே?

மாமனார்: அழைத்தார்கள். விசாரித்தால் கூலி மட்டும்தான் இலவசமாம், ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் காசு கொடுக்க வேண்டுமாம். மாட்டை இனாமாகக் கொடுத்துவிட்டுக் கயிற்றுக்கு விலை சொல்பவனிடம் நான் போவதில்லை.

மருமகன்: அந்தப் பையன் பாதியைத்தான் சொல்லியிருக்கிறான், மாமா. புத்தகத்தை எடுங்கள், பார்த்துவிடுவோம்.

(டாஷ்போர்டு அறையிலிருந்து சென்னிமலை விபூதிப் பொட்டலம், மஞ்சள் மண்டி ரசீதுகள், காய்ந்த எலுமிச்சை ஆகியவை வரிசையாக வெளியே வந்த பிறகு, உறை கிழிக்கப்படாத புத்தகம் வருகிறது.)

மருமகன்: இதோ. "10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், எது முதலில் வருகிறதோ அது." ஆயில் ஓடினாலும் கெடும், நின்றாலும் காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து மெல்லக் கெடும். உங்களுக்கு ஒரு வருடக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது.

மாமனார்: புத்தகம் எழுதியவன் என் காரைப் பார்த்தானா? நான் பார்க்கிறேன். (ஆயில் அளவுக் கம்பியை உருவித் தோள் துண்டில் துடைத்து, மறுபடி செருகி எடுத்து வெயிலில் பிடிக்கிறார்.) இரண்டு குறிக்கும் நடுவில் நிற்கிறது, நிறமும் தேன் மாதிரி இருக்கிறது. இனி உங்கள் காரின் கம்பியை உருவுங்கள். பார்த்தீர்களா, கரி! மாற்ற வேண்டியது யாருடையது என்று இப்போது சொல்லுங்கள்.

மருமகன்: நிறத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது, மாமா. டீசல் எஞ்சினில் புகைக்கரி அதிகம். அது இரும்பில் படியாமல் ஆயிலிலேயே மிதக்க வேண்டும் என்பதற்காகத்தான் அதில் அழுக்ககற்றும் மருந்துகளைக் கலக்கிறார்கள். ஆகையால் புது ஆயில் ஊற்றிச் சில நூறு கிலோமீட்டருக்குள்ளேயே கறுத்துவிடும். கறுத்த ஆயில் வேலை செய்கிறது என்றுதான் பொருள்.

மாமனார்: அப்படிங்களா? கறுத்தாலும் அது நல்ல ஆயில்தான் என்றால், உங்கள் கார்க் கதவில் மெக்கானிக் ஒட்டியிருக்கும் சீட்டில் ஐந்தாயிரத்துக்கு ஒரு முறை மாற்று என்று ஏன் எழுதியிருக்கிறது? உங்கள் புத்தகம் என்ன சொல்கிறது?

மருமகன்: (குரல் இறங்கி) பத்தாயிரம்தான் சொல்கிறது. ஒரு பாதுகாப்புக்காக...

மாமனார்: யாருடைய பாதுகாப்புக்கு? அந்த மெக்கானிக்கின் வீட்டு மாடி எழும்பிக்கொண்டிருப்பதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மருமகன்: என்னுடையது இருக்கட்டும். புத்தகத்தில் அடுத்த பக்கம் இன்னும் மோசமாக இருக்கிறது. கடுமையான பயன்பாடு என்றால் பாதிக் காலத்திலேயே மாற்ற வேண்டுமாம். உங்களுடையது கடுமையான பயன்பாடு, மாமா.

மாமனார்: (நிஜமாகவே மனம் புண்பட்டு) என்னுடையதா? தினமும் காலையில் இரண்டு கிலோமீட்டரில் இருக்கும் பால் சொசைட்டிக்குப் போய் வருகிறேன். முப்பதைத் தாண்டி முள் நகர்ந்ததே இல்லை. கோழி குறுக்கே வந்தால் நிறுத்தி, அது போன பிறகு எடுக்கிறேன். நீங்கள் திருப்பூரிலிருந்து அவினாசி வழியாகக் கோயம்புத்தூருக்கு நாள் தவறாமல் நூறு வேகத்தில் பறக்கிறீர்கள். நான் கடுமை, நீங்கள் மென்மையா?

மருமகன்: எஞ்சினுக்கு அப்படித்தான். பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. குளிர்ந்த எஞ்சினில் அதுவும், எரியாத பெட்ரோலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலில் இறங்கும். நெடுஞ்சாலையில் சீராக ஓடினால் ஆயில் நன்றாகச் சூடேறி இரண்டும் ஆவியாகி வெளியேறிவிடும். இரண்டு கிலோமீட்டரில், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டின் சூட்டைக் காட்டும் முள் கொஞ்சம் ஏறினாலும் ஆயில் சூடாவதில்லை. சூடாவதற்குள் சொசைட்டி வந்துவிடுகிறது, நீங்களும் அணைத்துவிடுகிறீர்கள். வேண்டுமானால் இதைப் பாருங்கள்.

(ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கவிழ்த்துக் காட்டுகிறார். உட்புறத்தில் மங்கலான மஞ்சளில் ஒரு பசை மெல்லிதாகப் படிந்திருக்கிறது. மாமனார் அதை விரலால் வழித்து முகர்ந்து பார்க்கிறார். இதுவரை பேசிய எல்லாவற்றையும்விட அந்த விரல்தான் அவரிடம் அதிகம் பேசுகிறது.)

மருமகன்: இது ஆயிலும் தண்ணீரும் கலந்த பசை. ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசிந்தாலும் இப்படி வரும் என்று கூலன்ட் டப்பாவையும் பார்த்துவிட்டேன், அளவு குறையவில்லை. ஆகவே இது சொசைட்டிப் பசைதான். டிராக்டருக்கு நீங்கள் கிலோமீட்டர் பார்த்தா ஆயில் மாற்றுகிறீர்கள்?

மாமனார்: டிராக்டருக்கு ஏது கிலோமீட்டர்? மணிக் கணக்கு. 250 மணி ஆனதும் மாற்றிவிடுவேன். அதில் நான் யாரையும் கேட்க மாட்டேன். (யோசித்து) சரி, மாற்றிவிடுகிறேன். டிராக்டருக்கு வாங்கிய 15டபிள்யூ-40 அரை டின் கிடக்கிறது. நம் ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் சரி.

மருமகன்: வேண்டாம், மாமா. இந்த எஞ்சினின் ஆயில் வழிகள் குறுகலானவை. புத்தகத்தில் 0டபிள்யூ-20 என்ற இளகலான ஆயில்தான் என்றிருக்கிறது. அதையே, புது ஃபில்டரோடு போட வேண்டும்.

மாமனார்: அப்படியானால் எளிய வழி ஒன்று சொல்கிறேன். உங்கள் ஆயில் பத்தாயிரம் வரை நல்லது என்கிறீர்கள். ஆனால் ஐந்தாயிரத்திலேயே வடித்துவிடுகிறீர்கள். மிச்சமுள்ள அந்த ஐந்தாயிரத்தை என் காரில் ஊற்றிவிட்டால் யாருக்கும் நட்டமில்லை.

மருமகன்: (பதறி) அது டீசல் ஆயில், மாமா! அதோடு வடித்ததில் கரியும் தேய்ந்த இரும்புத் துகளும் இருக்கும்.

மாமனார்: என்றால் அதை மாட்டுக் கொட்டகைக் கால்களில் பூசலாம். கரையான் ஏறாது.

மருமகன்: மாடு நக்கும். பழைய ஆயிலில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் இருக்கின்றன. மெக்கானிக்கிடமே விட்டால் மறுசுத்திகரிப்புக்குப் போகும். அதைவிட, வாரம் ஒரு நாள் காரைச் சத்தியமங்கலம் தாண்டித் திம்பம் வரை ஓட்டி வாருங்கள். 27 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்குவதற்குள் ஆயில் காய்ந்து, ஈரம் போய்விடும்.

மாமனார்: ஈரம் போகும், பெட்ரோல் யார் அப்பன் வீட்டிலிருந்து வரும்? நீங்கள் வாரம் ஒரு நாள் என் காரைக் கோயம்புத்தூருக்கு எடுத்துப் போங்கள், அன்றைக்கு உங்கள் காரில் நான் சொசைட்டிக்குப் போய்க்கொள்கிறேன்.

மருமகன்: ஐயையோ, என்னுடையது 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த டீசல். புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. நீண்ட ஓட்டத்தில்தான் அந்தக் கரி எரியும். சொசைட்டிக்கு ஓட்டினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அதை எரிக்கக் கூடுதலாகப் பீய்ச்சும் டீசலும் ஆயிலில் கலந்துவிடும்.

மாமனார்: என் காரும் சொசைட்டிக்குப் போகக் கூடாது, உங்கள் காரும் போகக் கூடாது. பாலை நான் தலையிலா சுமப்பது? முன்பு ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் மொபெட் வைத்திருந்தேன். பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து ஊற்றினால் இரண்டும் சேர்ந்தே எரிந்துவிடும். எஞ்சின் ஆயிலை மாற்றுகிற பேச்சே அதில் கிடையாது.

மருமகன்: அந்த மொபெட்டைத்தான் எடுங்களேன், மாமா. எங்கே நிற்கிறது?

மாமனார்: காயலான் கடையில். ஊரார் முன்னால் மாமனார் மொபெட்டில் பால் கேனோடு போவது மரியாதையாக இல்லை, ஒரு கார் வாங்குங்கள் என்று நீங்கள்தானே மாப்பிள்ளை சொன்னீர்கள்?