எந்த மாதத்தில் போய்க் கேட்டீர்கள்?
பெண்கள் நேற்று எத்தனை வகை உணவு சாப்பிட்டார்கள் என்று எண்ணும் அளவுகோலைப் பற்றிய இந்தக் கட்டுரை, பத்து உணவு வகையில் ஐந்து சாப்பிட்டிருந்தால் அந்தப் பெண்ணுக்குச் சத்துக் குறை இல்லை என்று சொல்வதுதான் இடிக்கிறது. அந்த அளவுகோல் தனி ஒருத்தியைப் பற்றிப் பேசுவதே இல்லை, 15 முதல் 49 வயதுப் பெண்களில் எத்தனை சதவீதம் பேர் ஐந்தைத் தொட்டார்கள் என்று கூட்டமாகப் பார்க்கத்தான் அது, 2025-ல் ஐ.நா. இதை வளர்ச்சி இலக்குகளின் குறியீடுகளில் சேர்த்ததும் அப்படித்தான். சரி, கூட்டமாகவே எடுத்துக்கொண்டாலும் எந்த மாதம் போய்க் கேட்கிறோம்? எங்கள் மன்னார்குடிப் பக்கம் சம்பா அறுக்கும் முன்பே வயலில் தெளித்த உளுந்தும் பயறும் பங்குனி வாக்கில் வீடு வந்து சேரும், அப்போது கேட்டால் பருப்பு வகைக்குத் தாராளமாக டிக் விழும். ஐப்பசியில் தாளடி (இரண்டாம் போக நெல்) நடவு நடக்கும்போது அதே வீட்டில் கேட்டுப் பாருங்கள், காலையில் பழையதும் வெங்காயமும், மதியம் புளிக்குழம்பு, ராத்திரியும் அதே குழம்பு. மேலே கருத்து எழுதிய ஒருவர் சோழ வளநாடு சோறுடைத்து, இங்கே என்ன குறை என்கிறார். ஐயா, சோறு மட்டும்தான் உடைத்து! சோறு, சேமியா, உருளைக்கிழங்கு, வாழைக்காய் பொரியல் எல்லாம் அந்தப் பட்டியலில் ஒரே வகை (வாழைப்பழம் தின்றால் மட்டும் பழக் கணக்கு). அப்புறம் 15 கிராமுக்குக் குறைந்தால் அந்த வகையை எண்ணக்கூடாது என்பது விதி, ஆனால் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காரும் என் அம்மாவிடம் கேட்டால் மீன் குழம்பு சாப்பிட்டேன் என்றுதான் சொல்வார், சட்டியில் மீன் மிச்சமிருந்ததா என்று யாரும் கேட்பதில்லை.