பெரிய வட்டம் என்றால் நல்ல மருந்தா?
மேலே ஒரு அண்ணன், "கல்ச்சர் ரிப்போர்ட்டில் எதற்கு வட்டம் பெரியதோ அந்த மாத்திரையையே போடுங்கள்" என்கிறார். தப்புங்க. மஞ்சக்குப்பத்தில் லேப் வேலை பார்ப்பவன், அதனால் சொல்கிறேன். கிருமி வளர்க்கும் கூழ் ஊற்றிய அகார் தட்டில் கிருமியைப் பரப்பி, மேலே மருந்து வில்லைகளை வைப்போம்; வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத இடம்தான் அந்த வட்டம். அந்தத் தட்டில் எல்லா மருந்தும் ஒரே மாதிரி பரவாது. வில்லையில் உள்ள அளவும் வேறு: சிப்ரோஃப்ளாக்சசின் 5 மைக்ரோகிராம், நைட்ரோஃபுரான்டாயின் 300. அதனால் எத்தனை மி.மீ. வட்டம் வந்தால் மருந்து கேட்கும் என்ற எல்லை மருந்துக்கு மருந்து மாறும். சிறுநீரில் வளர்ந்த ஈ.கோலை என்ற பாக்டீரியாவுக்கு, சிஎல்எஸ்ஐ (லேப் சோதனைகளுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்க அமைப்பு) அட்டவணைப்படி நைட்ரோஃபுரான்டாயின் 17 மி.மீ. இருந்தாலே 'எஸ்', அதாவது கேட்கும். சிப்ரோஃப்ளாக்சசினோ 21 மி.மீ. வந்தாலும் 'ஆர்', கேட்காது. இதில் பெரிய வட்டம் எது, நீங்களே பாருங்கள்! அப்புறம், அந்த 'எஸ்' கூட சிறுநீர்ப்பைத் தொற்றுக்குத்தான். கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டால் நைட்ரோஃபுரான்டாயின் உதவாது. இதையெல்லாம் டாக்டர்தான் பார்த்து எழுதுவார், ஸ்கேல் வைத்து நாம் அளந்து அல்ல.