பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு நாடு

போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது அலமாரியில் இருந்த அறிவியல் புனைகதைகளை எல்லாம் இறக்கித் தரையில் அடுக்கினேன். 31 புத்தகங்கள். எழுதியவர்களில் ஒருவர்கூடப் பெண் இல்லை. மொழிபெயர்ப்புகள் அத்தனையும் அமெரிக்கா, இங்கிலாந்து. ‘கதை நல்லா இருந்தா போதாதா, எழுதினது யாருன்னு எதுக்குப் பார்க்கணும்?’ என்று இத்தனை வருஷமாகச் சொல்லி வந்தவள் நான். நல்லதாகப் பார்த்து எடுத்தேன் என்று நினைத்திருந்தேன். கைக்குக் கிடைத்ததை எடுத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அன்றைக்கே முடிவு செய்தேன். இந்த வருஷம் மாதம் ஒரு அறிபுனை அல்லது மாயப்புனைவு. இரண்டு புத்தகம் ஒரே நாட்டிலிருந்து வரக்கூடாது. பாதியாவது பெண்கள் எழுதியிருக்க வேண்டும். தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு வேலைக்குப் போய்வரும் பேருந்தில்தான் வாசிப்பு.

முதலில் எடுத்தது பேகம் ரொக்கையாவின் ‘சுல்தானாவின் கனவு’. இன்றைய வங்கதேசத்தின் ரங்பூர் பக்கம் பிறந்தவர். பள்ளிக்கூடம் அனுப்பாத வீட்டில் அண்ணனிடம் ஆங்கிலம் கற்றவர். 1905இல் இந்தக் கதை முதலில் அச்சானது எங்கே தெரியுமா? நம் மதராஸில், பெண்களுக்காக வந்த ஓர் ஆங்கிலப் பத்திரிகையில்!

அதில் பெண்கள் நாட்டை நடத்துகிறார்கள், ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். எல்லோரும் பேசுவது அதைத்தான். எனக்குப் புத்தகத்தை மூடிவைத்து யோசிக்கத் தோன்றியது வேறொரு இடத்தில். பெண்கள் பல்கலைக்கழகம் ஒன்று குழாய்கள் பொருத்திய பலூனை மேலே மிதக்கவிட்டு, வேண்டிய தண்ணீரை வானத்திலிருந்தே இறக்கிக்கொள்கிறது. சமையல் சூரிய வெப்பத்தில். கரியும் இல்லை, புகையும் இல்லை.

எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். அம்மாவுக்கும் அத்தைக்கும் பல்லெல்லாம் பழுப்பு. சிரிக்கும்போது கை தானாக வாயை மூடப் போகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது 2013இல். ஜமீன் வீட்டில் வளர்ந்த ரொக்கையா குடம் சுமந்திருக்க மாட்டார். ஆனாலும் அறிவியல் கையில் கிடைத்தால் முதலில் எதைச் சரிசெய்வது என்று யோசித்தபோது அவருக்குத் தண்ணீரும் அடுப்பும் தோன்றியிருக்கின்றன. என் 31 புத்தகங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. எழுதினது யார் என்று பார்க்கத்தான் வேண்டும்.

அப்புறம் அமெரிக்கக் கறுப்பினப் பெண் எழுத்தாளர் ஆக்டேவியா பட்லர். 1979இல் வந்த ‘கிண்ட்ரெட்’டில், 1976இல் வாழும் கறுப்பினப் பெண் ஒருத்தி அடிமைக் காலத்து மேரிலாந்துக்குத் திடீர் திடீரென்று இழுக்கப்படுகிறாள். காலப் பயணத்தை உல்லாசமாகக் கற்பனை செய்ய எல்லோராலும் முடியாது என்று அப்போதுதான் உறைத்தது. நம் ஊரிலேயே நூறு வருஷம் பின்னால் போனால், எந்தத் தெருவில் யார் செருப்போடு நடக்க முடியும்?

ஆங்கிலம் எனக்கு மெதுவாகத்தான் வரும். ஒரு பக்கத்துக்கு நாலு தடவை அகராதி பார்க்கிறேன். இவையெல்லாம் நல்ல தமிழில் வர வேண்டும், மாவட்ட நூலகங்களில் கிடைக்க வேண்டும். ஆங்கிலம் சரளமாக வருகிறவர்களுக்கு மட்டும் இந்தக் கதைகள் என்பது அநியாயம்.

டிசம்பருக்கு மட்டும் இன்னும் புத்தகம் முடிவாகவில்லை. அது தமிழுக்கு. நம் வறண்ட காட்டுப் பக்கமோ, ஈழமோ, மலையகமோ, ஒரு பெண் தமிழில் எழுதிய அறிபுனை தெரிந்தால் பெயர் சொல்லுங்கள். பதிப்பில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஜெராக்ஸ் எடுத்தாவது படித்துவிடுகிறேன்.